டர்போ எஞ்சின், ஆறு கியர்: புதிதாக வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹூண்டாய் ஐ20 என் லைன் மேனுவல் வண்டியைப் புதிதாக எடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். இதன் எஞ்சின் 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். 6,000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) 120 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தி, 1,500 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை 172 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). சாதாரண ஹேட்ச்பேக்கை ஸ்பீடோமீட்டரைப் பார்த்தே ஓட்டிவிடலாம். இந்த வண்டிக்கு ஆர்.பி.எம். மீட்டரைப் பார்க்கப் பழக வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அங்கேதான் போய் நிற்கும்.

கேள்வி: பத்து வருடமாக 1.2 பெட்ரோல் கார் ஓட்டியவன். புது வண்டி சிக்னலில் கிளம்பும்போது அடிக்கடி ஆஃப் ஆகிவிடுகிறது. ஆஃப் ஆகாவிட்டால் குலுங்கிக் கிளம்புகிறது. 120 பி.எஸ். வண்டி இப்படிச் செய்யலாமா? கிளட்சில் கோளாறா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பெரும்பாலும் கோளாறு இல்லை. அந்த 172 நியூட்டன் மீட்டர் 1,500 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான் கிடைக்கிறது. அதற்குக் கீழே, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்றும் அளவுக்கு வெளியேறும் புகையில் வேகம் இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் காலடியில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். உங்கள் பழைய 1.2 எஞ்சினுக்கு டர்போ இல்லை, ஆனால் சிலிண்டர் கொள்ளளவு அதிகம். கிளட்சை மட்டும் விட்டாலே அது நகர்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இதில் கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நிற்கும். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது இன்னும் கொஞ்சம் சக்தி அதற்குப் போய்விடும் என்பதால் வெயில் காலத்தில் இது அதிகமாகத் தெரியும்.

ஒரு காலி மைதானத்திலோ அகலமான, ஆள் இல்லாத தெருவிலோ அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மில்லிமீட்டர் கணக்கில் மேலே விடுங்கள். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பி நகரத் துடிக்கும் இடம் ஒன்று வரும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கே காலை நிறுத்தி, மறுபடி மிதித்து, மறுபடி அங்கே கொண்டுவாருங்கள். பத்துப் பதினைந்து தடவையில் காலுக்கு அந்த உயரம் நினைவில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் 1,500 ஆர்.பி.எம். அளவுக்கு மிதித்துப் பிடித்து, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை சட்டென்று கொண்டுவந்து, அங்கே ஒரு கணம் நிறுத்தி, வண்டி உருண்டதும் முழுதாக விட்டுவிடுங்கள். குலுக்கல் வருவதற்குக் காரணம், அந்த ஒரு கணத்தைத் தவறவிடுவதுதான்.

இதைச் செய்வதற்கு முன் சீட்டைச் சரிபாருங்கள். கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் இடது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டுவிட்டால் பாதம் பெடலின் மேல் மிதக்கும். நுணுக்கமாக விட முடியாது. சீட்டை முன்னே இழுத்ததால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு நெருங்கிவிட்டால், ஸ்டீயரிங்கை அதன் லிவரைத் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம். சீட்டை மட்டும் மாற்றிப் பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்கள் நிறையப் பேர்.

மெதுவாக ஊர்ந்து போகும் நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே நிற்காதீர்கள். முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விட்டு, அது கிடைத்ததும் முதல் கியரில் நகர்ந்து, கிளட்சை முழுதாக விட்டுவிட்டு உருளுங்கள். மேட்டில் நிற்கும்போது ஹில் அசிஸ்ட் சில விநாடிகள் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். வண்டியை மேட்டில் கிளட்சாலேயே தாங்கி நிறுத்துவதைப் போல கிளட்ச் பிளேட்டைத் தின்னும் பழக்கம் வேறு இல்லை.

உண்மையான கோளாறு எப்படி இருக்கும்? நியூட்ரலில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறி இறங்கும். கிளட்சைச் சரியாக விட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும். நாலாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. இவற்றில் ஏதாவது இருந்தால் சர்வீஸ் சென்டரில் அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் ஜாப் கார்டில் "செக்" என்று மட்டும் எழுதுவார்கள்.

கேள்வி: முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்கிறார் அப்பா. ஷோரூமில் "இப்போதைய எஞ்சினுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
(வாசகி, திருச்சி)

இரண்டும் பாதி சரி. முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஹூண்டாய் கையேடு சொல்லும் முறை எளிமையானது: எஞ்சினை உறும விடக் கூடாது, ஓட்டும்போது 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம்.முக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது. அவசரம் தவிர பிரேக்கைப் பலமாக அடிக்கக் கூடாது.

இதில் 4,000 என்ற மேல் எல்லையை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். 2,000 என்ற கீழ் எல்லையை மறந்துவிடுகிறார்கள். புது வண்டி என்று பயந்து நாற்பதில் ஐந்தாவது கியர் போட்டு உருட்டுவது மெதுவான ஓட்டம்தான், ஆனால் நல்ல ஓட்டம் இல்லை. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு நன்றாகப் பொருந்துவதற்கு உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம் தேவை. மிதமான லோடு, ஏறி இறங்கும் ஆர்.பி.எம். இரண்டும் சேர்ந்தால்தான் அது நடக்கும். ஆகவே திருச்சியிலிருந்து சென்னைக்கு நாலுவழிச் சாலையில் போகலாம், தவறே இல்லை. ஆனால் குரூஸ் கன்ட்ரோல் போட்டு 90-இல் அசையாமல் உட்காராதீர்கள். 70-க்கும் 95-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, அவ்வப்போது கியர் குறைத்து எஞ்சின் பிரேக்கிங்கில் வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடாக்க வேண்டிய அவசியம் நம் ஊர் வெப்பநிலையில் கிடையாது. அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டருக்கு 2,500-ஐத் தாண்டாமல் ஓட்டினால் ஆயில், டர்போ எல்லாம் ஓட்டத்திலேயே சூடாகும்.

ஆயில் அளவைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டி வந்து சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) எடுத்துத் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுங்கள். எஃப் (நிறைவு), எல் (குறைவு) குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். எஃப் குறிக்கு மேலே ஊற்றுவது குறைவாக இருப்பதைப் போலவே கெடுதல். புது டர்போ எஞ்சின் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மீட்டரில் கியரை ஏற்றச் சொல்லி அம்புக்குறி வருகிறது. அதன்படி போட்டால் வண்டி சோம்பலாக இருக்கிறது. போடாவிட்டால் மைலேஜ் போய்விடுமோ என்று பயம். ஆறாவது கியரை எப்போது போடுவது?
(வாசகர், மதுரை)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. சக்தி என்பது டார்க்கையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கி வருவது. 172 நியூட்டன் மீட்டர் 1,500-இலும் கிடைக்கிறது, 4,000-இலும் கிடைக்கிறது. ஆனால் 1,500-இல் அதன் மதிப்பு சுமார் 37 பி.எஸ். 3,000-இல் சுமார் 73. 4,000-இல் சுமார் 98. ஆறாவது கியரில் 1,500-இல் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் உங்களிடம் இருப்பது அந்த 37 பி.எஸ். மட்டும்தான். நாலாவதுக்கோ மூன்றாவதுக்கோ குறைத்து 3,000-க்குக் கொண்டுவந்தால் அதே எஞ்சின் இரண்டு மடங்கு சக்தி தருகிறது. "பிக்கப் இல்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை தவறான கியரில் இருப்பதால் வருபவை.

குறைந்த ஆர்.பி.எம்.மில் பலமாக மிதிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன் இரண்டும் சேர்ந்த சின்ன எஞ்சின்களில், ஆர்.பி.எம். குறைவாகவும் லோடு அதிகமாகவும் இருக்கும்போது, சிலிண்டருக்குள் தங்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளிகள் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளலாம். அப்போது எழும் அழுத்தம் சாதாரண நாக்கிங்கைவிட (பெட்ரோல் சீராக எரியாமல் வெடித்துத் தட்டுவது) பல மடங்கு பலமானது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பை உடைக்கும் அளவுக்கு அது போகக்கூடும். இதைக் குறைப்பதற்காகவே ஏ.பி.ஐ. (ஆயில் தரத்தை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) எஸ்.என். பிளஸ், எஸ்.பி. தர ஆயில்கள் வந்தன. ஆயில் மாற்றும்போது கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மையோடு இந்தத் தரமும் டின்னில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று பழைய தர ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், லேசான காலில் போகும்போது அம்புக்குறி சொல்வதைக் கேட்கலாம். 2,000 முதல் 2,500-க்குள் கியரை ஏற்றினால் மைலேஜும் கெடாது, வண்டியும் திணறாது. ஏற்றம், நாலு பேர் லோடு, ஓவர்டேக்கிங் என்றால் அம்புக்குறியை மறந்துவிடுங்கள். ஏற்றிய பிறகு ஆர்.பி.எம். 1,500-க்குக் கீழே விழுந்தால் கியரைச் சீக்கிரமே ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆறாவது கியர் நெடுஞ்சாலைக்கு உரியது. அதைப் போட்ட பிறகு லேசாக மிதித்தாலே வேகம் கூட வேண்டும். கூடாமல் உள்ளே "உம்ம்ம்" என்று ஒரு கனத்த அதிர்வு தரையிலும் ஸ்டீயரிங்கிலும் வந்தால், ஐந்தாவதுக்கு வந்துவிடுங்கள். காலைப் பலமாக அழுத்தும் எண்ணம் வந்தாலே கை முதலில் கியருக்குப் போக வேண்டும்.

நின்றிருக்கும்போது வரும் மெல்லிய நடுக்கம் வேறு. மூன்று சிலிண்டர் எஞ்சினின் இயல்பு அது.

ஒரு சின்ன விஷயம். ரிவர்ஸுக்கு கியர் லிவரின் கழுத்தில் உள்ள வளையத்தை மேலே தூக்க வேண்டும். வண்டி முழுதாக நின்று, கிளட்சை மிதித்து இரண்டு விநாடி விட்டுப் போட்டால் கரகரப்பு வராது. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள். பலவந்தம் வேண்டாம். கியர் லிவரின் மேல் எப்போதும் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். அந்த எடை உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கில் போய் உட்காருகிறது.

கேள்வி: பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு இடுப்பு வலி. சாதாரண ஐ20-ஐவிட இது இவ்வளவு கடினமாகவா இருக்கும்? சஸ்பென்ஷனை மாற்ற முடியுமா?
(வாசகர், சேலம்)

என் லைனின் ஷாக் அப்சார்பர் அமைப்பு சாதாரண ஐ20-ஐவிடக் கொஞ்சம் இறுக்கமானது. வளைவில் வண்டி சாயாமல் நிற்பது அதனால்தான். அதை மாற்ற வேண்டாம். அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள்.

புது வண்டிகள் யார்டில் பல நாள் நிற்கும் என்பதால் டயரில் காற்றை அதிகமாக வைத்திருப்பது வழக்கம். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க மறந்துவிட்டால், 40-க்கு மேல் பி.எஸ்.ஐ.யோடு வண்டி வீட்டுக்கு வரும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில், ஓட்டுவதற்கு முன், அல்லது பக்கத்து பங்க்குக்கு மெதுவாகப் போய்ப் பிடிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வந்து நிறுத்திச் சூட்டோடு அளந்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி மாறினால் ஒரு பி.எஸ்.ஐ. மாறும் என்பது கணக்கு. மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே அளவு தானாக நிற்காது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரியாகப் பார்த்தால் போதும்.

டயர் அளவு 195/55 ஆர்16. அகலம் 195 மில்லிமீட்டர்; அதில் 55 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம் சுமார் 107 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய சக்கரத்தில் மாட்டும் 185/65 ஆர்15 டயருக்கு அது 120. அந்த 13 மில்லிமீட்டர் ரப்பர்தான் குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் பகுதி. அது குறைந்ததால் அதிர்வு கூடுதலாகத் தெரிகிறது. கூர்மையான குழியில் அடித்தால் பக்கச்சுவர் வெட்டுப்படும் வாய்ப்பும் அதிகம். மழைக்குப் பிறகு பெரிய குழியில் இறங்கியிருந்தால், மறுநாள் டயரின் உள்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். சின்ன வீக்கம் ஒன்று எழும்பியிருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். பஞ்சர் கடையில் அதை ஒட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும்.

வேகத்தடையில் பலர் செய்யும் தவறு, ஏறும் நொடியிலும் பிரேக்கை மிதித்தபடியே இருப்பது. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே தாழ்ந்து, முன் ஸ்பிரிங் அமுங்கிவிடும். அப்போது வேகத்தடை மோதினால் அமுங்குவதற்கு இடமே இருக்காது. பத்தடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, சக்கரம் ஏறும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மூக்கு எழும்பும், இடி பாதியாகும். அம்மாவுக்கு அந்த வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

டயரைக் கழற்றி மாட்டும் கடையில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் கன்னால் நட்டை முடிந்தவரை இறுக்கிவிடுவார்கள். பிறகு வழியில் பஞ்சரானால் வண்டியோடு வரும் ஸ்பேனரால் அசைக்கவே முடியாது; ஸ்டட் நீண்டு கெடுவதும் உண்டு. இந்த வண்டிக்கு 11 முதல் 13 கிலோகிராம் மீட்டர், அதாவது 107 முதல் 127 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் டர்போவுக்கு நல்லதா? இ20 பெட்ரோலால் எஞ்சின் கெடுமா? டாங்க்கில் ஊற்றும் "இன்ஜெக்டர் கிளீனர்" பலன் தருமா?
(வாசகர், தஞ்சாவூர்)

என் லைன் சாதாரணப் பெட்ரோலுக்கே அமைக்கப்பட்ட எஞ்சின். நாக் சென்சார் இருப்பதால், தேவைப்பட்டால் தீப்பொறியின் நேரத்தைத் தானே பின்தள்ளிக்கொள்ளும். நாக்கிங்கை அதிகம் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வெயிலில், முழு லோடில், மலை ஏறும்போது கொஞ்சம் இலகுவாக இழுக்கலாம். தினசரி ஆபீஸ் ஓட்டத்தில் அந்தக் காசுக்குப் பலன் தெரியாது.

2023 செப்டம்பரில் மேனுவல் கியரோடு வந்த இந்த மாடல் இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏற்றது. ஆனால் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும்; மைலேஜிலும் ஏறக்குறைய அது தெரியும்.

டாங்க்கில் ஊற்றும் "இன்ஜெக்டர் கிளீனர்" பாட்டில்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. அந்த வால்வில் படியும் கரியை டாங்க்கில் ஊற்றும் எதுவும் கழுவ முடியாது.

மைலேஜ் அளக்க மீட்டரை நம்பாதீர்கள். டாங்க்கை நிரப்பும்போது பங்க்கின் பெட்ரோல் துப்பாக்கி (நாசில்) முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டாங்க் 37 லிட்டர். துப்பாக்கி நின்ற பிறகும் ரூபாயை ரவுண்டு செய்ய அழுத்தி அழுத்தி ஊற்றச் சொன்னால், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் திரவமாகவே போய் அதைக் கெடுத்துவிடும்.

கேள்வி: கொல்லிமலை போகப் போகிறோம், நாலு பேர். மேனுவல் வண்டியில் முதல் மலைப் பயணம். எதில் கவனம் வேண்டும்?
(வாசகர், நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இந்த வண்டி தன் குணத்தை முழுதாகக் காட்டும் பாதை அது. ஸ்டீயரிங்கின் எடை, நாலு சக்கரத்திலும் உள்ள டிஸ்க் பிரேக், இறுக்கமான சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் அங்கே அர்த்தம் புரியும்.

ஏறும்போது இரண்டாவது கியர்தான் உங்கள் வீடு. வளைவுக்கு முன்பே, நேர்ப் பாதையிலேயே பிரேக் பிடித்து, இரண்டாவதுக்கு மாற்றி முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கிளட்ச் மிதிக்கக் கூடாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆர்.பி.எம். 2,000-க்குக் குறையாமல் இருந்தால் டர்போ தயாராக இருக்கும், நிதானமாக மிதித்தாலே இழுத்துக்கொண்டு போகும். எதிரே பஸ் வந்து ஏறக்குறைய நின்றுவிட்டால் தயங்காமல் முதல் கியர். இரண்டாவதில் ஹாஃப் கிளட்சில் இழுத்தால் நாலு பேர் எடையில் கிளட்ச் வாசனை வந்துவிடும். வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அதை நம்பி ஹாரன் அடிக்காமல் திரும்பாதீர்கள்.

இறங்கும்போது, ஏறிய அதே கியர். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது தவறான நம்பிக்கை. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுதாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது பெட்ரோல் போகும். எஞ்சினை அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குள், பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரின் வாக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போது வண்டி முன்னால் குனிந்து உதறுவதைத் தவிர்க்க ஒரு வழி. பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். கிளட்சை மிதித்து இரண்டாவதுக்கு மாற்றுங்கள். கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைச் சுமார் ஆயிரம் ஆர்.பி.எம். ஏற்றிவிட்டு, அது விழுவதற்குள் கிளட்சை விடுங்கள். சரியாக வந்தால் உதறலே இருக்காது. இதை முதலில் சமதளத்தில் பழகுங்கள். ஒரே பாதத்தால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் வித்தையை மலையில் முதல்முறை முயல வேண்டாம்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக்கைச் சூடாக்குகிறது. உறுதியாகப் பிடியுங்கள், விடுங்கள், ஆறவிடுங்கள். பெடல் ஆழமாகப் போகிறது அல்லது கருகல் வாசனை வருகிறது என்றால் நிறுத்த வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காதீர்கள். முதல் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் பாகம். அதைக் குளிர்விக்கும் ஆயில் ஓட்டம் எஞ்சினோடு நின்றுவிடும். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, நிறுத்தியபின் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் போதும்.

கேள்வி: எஞ்சின் ரீமேப் செய்தால் 150 பி.எஸ். வரும் என்கிறார் ஒரு கடைக்காரர். செய்யலாமா?
(வாசகர், சென்னை)

வேண்டாம். ரீமேப் என்பது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது. அதில் வரும் கூடுதல் டார்க்கை முதலில் தாங்க வேண்டியது கம்பெனி கிளட்ச். அதுதான் முதலில் வழுக்கும். மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டியில் எஞ்சின் பகுதி அன்றைக்கே கேள்விக்குறியாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கையில் எடுக்கும் காரணம் அதுதான்.

வேகம்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வண்டி தயாரான தொழிற்சாலையும் அதே ஊரில்தான். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. பொதுமக்கள் வண்டிகளை அனுமதிக்கும் நாள் எப்போது என்று கேட்டு, நல்ல பிரேக் ஆயிலும் ஹெல்மெட்டும் வைத்துக்கொண்டு போங்கள். 120 பி.எஸ்.ஸை முழுதாகப் பயன்படுத்துவதே எவ்வளவு வேலை என்பது அங்கே தெரியும்.

கேள்வி: போனெட்டைத் திறந்தால் தையல் மெஷின் மாதிரி "டிக் டிக்" சத்தம். மழைக்கு மறுநாள் பிரேக்கில் உரசல். இவை சரிதானா?
(வாசகி, திருநெல்வேலி)

இரண்டும் இயல்பு. டிக் டிக் என்பது உயர் அழுத்த இன்ஜெக்டர்களும் பம்ப்பும் தரும் சத்தம். மழை நீரால் டிஸ்க்கில் படியும் மெல்லிய துரு நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். முதல் சில நாட்களில் வரும் சூட்டு வாசனையும் சைலன்ஸரின் மேல் பூச்சு எரிவதால்தான்.

கவனிக்க வேண்டியவை வேறு: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகளுக்கு மேல் நீடிக்கும் சங்கிலி உரசல் போன்ற கடகடப்பு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது முன்பு இல்லாத அளவுக்குப் பலமாகக் கேட்கும் சீட்டிச் சத்தத்தோடு இழுவை குறைதல், நீலப் புகை. இரண்டாவது பெரும்பாலும் டர்போ காற்றுக்குழாயின் கிளாம்ப் தளர்ந்ததால் வரும்; அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும், விட்டுவைத்தால் டர்போ வீணாக உழைக்கும்.

கேள்வி: பழைய 2021 மாடல் என் லைன் ஒன்று விலைக்கு வருகிறது. அதுவும் மேனுவல்தானே?
(வாசகர், புதுச்சேரி)

இல்லை. 2021-இல் வந்ததில் கிளட்ச் பெடல் கிடையாது. கியரை நாம் மாற்ற, கிளட்சை மட்டும் வண்டியே இயக்கும் ஐ.எம்.டி. அமைப்பு அது, இன்னொரு வகை ஏழு கியர் டி.சி.டி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). மூன்று பெடல் வண்டி 2023 செப்டம்பருக்குப் பிறகுதான். ஐ.எம்.டி. வாங்குவதானால் மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள், ரிவர்ஸில் மேட்டில் ஏற்றியும் பாருங்கள். அதிர்வோ, கியர் போட்டு நகர்வதற்குள் தாமதமோ இருந்தால் கிளட்ச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீடுகளையும், ஆயில் ஒவ்வொரு வருடமும் அல்லது 10,000 கிலோமீட்டரிலும் மாற்றப்பட்டதற்கான பில்களையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.